ஒன்றரை டிக்கெட்

இருபத்து மூன்று வருடம் டிக்கெட் கிழித்தால் வலது கைக் கட்டைவிரலில் ரேகை நிற்காது அய்யா. என் வீட்டுக்காரி கேலி செய்வாள், நீங்கள் என்ன தப்புப் பண்ணினாலும் போலீசுக்குக் கைரேகை கிடைக்காது என்று. அவள் சொன்ன நேரம் பாருங்கள், இப்போது போக்குவரத்துக் கழக விசாரணைக்கு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. நாலு வருடத்துக்கு முன்னால் நடந்த விசாரணையில் நிற்க வைத்தே கேட்டார்கள். இரண்டு மணி நேரம். அப்போதும் நான் கோபப்படவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்குச் சட்டென்று கோபம் வராது. என்னோடு எட்டு வருடம் வண்டி ஓட்டின டிரைவர் கருப்பணனைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்.

நைனா முகம்மது கொடுத்திருக்கிற மனுவைப் படித்துக் காட்டினீர்கள். போன ஆவணியில் ஒரு காலை, ஆனைக்குட்டம் வண்டியில் வந்த சண்முகத்தாயையும் அவள் நாலு வயது மகளையும் கண்டக்டர் நல்லசிவமாகிய நான் நடுவழியில் இறக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். தேதி சரி, வண்டி சரி. நேரம் மட்டும் ஐந்து நிமிடம் பிசகு. அவர் காகித வியாபாரி, வாரத்தில் மூன்று நாள் என் வண்டியில் வருகிறவர், பொய் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். மீதியை நான் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் யூனியன் ஆள் யாரையும் துணைக்குக் கூட்டி வரவில்லை.

நீங்கள் மதுரைப் பக்கம் என்று சொன்னார்கள். எங்கள் ஊர் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஆனைக்குட்டத்தில் புறப்பட்டுத் திருத்தங்கல் வழியாகச் சிவகாசி வருகிற காலை வண்டியில் சீசன் மாதங்களில் நூற்றுப் பத்து பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்கள். எட்டரைக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவான். அதற்கப்புறம் போய் நின்றால் அரைநாள் சம்பளம் போச்சு. அதனால் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தாவது ஏறிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கண்டக்டர் நடக்க முடியாது. பயணிதான் காசைக் கைமாற்றி விட வேண்டும். முன்னால் நிற்கிறவள் பக்கத்தில் நிற்கிறவளிடம் காசைக் கொடுத்து, 'ஒரு சிவகாசி' என்பாள். அவள் அடுத்தவளிடம் கொடுப்பாள். ஏழெட்டுக் கை தாண்டி என்னிடம் வரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பிப் போகும். ஒரு காசு குறையாது. நம் கழகத்தில் எத்தனையோ திட்டம் போடுகிறீர்கள், இதைப் போல ஒன்று எவரும் போட்டுக் கொடுத்ததில்லை. ஜனங்களாகவே பழக்கப்படுத்திக்கொண்டது.

மாலை வண்டியில் வருகிற காசில் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்கும். மத்தாப்பு மருந்தில் கலக்கிற பொடி. சோப்புப் போட்டாலும் அந்தப் பெண்கள் கையைவிட்டுப் போகாது. வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் என் விரலும் மினுங்கும். என் மகள் செல்வலட்சுமி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள்.

இனி நாலு வருடத்துக்கு முந்தின கதைக்கு வருகிறேன். மாசி மாதம், மாலை வண்டி. திருத்தங்கல்லில் செக்கிங் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் இரண்டு ஆட்களோடு ஏறினார். செக்கிங் ஏறினால் வண்டிக்குள் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும், எல்லோரும் டிக்கெட்டைத் தேடுவார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளிடம் டிக்கெட் இல்லை.

"எங்கம்மா டிக்கெட்டு?"

"காசு குடுத்துவிட்டேன் சார். டிக்கெட்டு இன்னும் வரல."

இந்த இடத்தில் உங்களுக்குச் சட்டம் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'காசு குடுக்கல, மறந்துட்டேன்' என்று பயணி சொன்னால் அபராதத்தோடு போகும். 'காசு குடுத்தேன்' என்று சொன்னால் கண்டக்டர் கழுத்தில் கத்தி. இது எங்கள் பக்கத்தில் தினமும் வண்டியேறுகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எவரும் கண்டக்டரைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். 'இப்பத்தான் சார் ஏறுனேன், எடுக்கப் போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். அபராதம் போட்டால் நாங்கள் பின்னால் அவர்கள் கையில் கொடுத்துச் சரிக்கட்டிவிடுவோம். அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் முதுகைக் கிள்ளினார்கள். ஒருத்தி காதுக்குள்ளேயே சொன்னாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கரலிங்கம் மூன்று தடவை கேட்டார். அவளும் மூன்று தடவை அதையே சொன்னாள்.

"குடுத்தேன் சார். ரெண்டு ரூவா. எம்புள்ள மேல சத்தியமாக் குடுத்தேன்."

என் பையை எண்ணினார்கள். கிழித்த டிக்கெட்டுக்கு மேல் இரண்டு ரூபாய் கூட இருந்தது. பையில் இரண்டு ரூபாய் குறைந்தால் அது கவனக்குறைவு, நம் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம். இரண்டு ரூபாய் கூடினால் அது திருட்டு. டீ குடிக்க வைத்திருந்த என் சொந்தக் காசு பையில் கலந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். எவரும் நம்பவில்லை. அன்று ராத்திரியே சஸ்பெண்டு.

பதினான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். செல்வலட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தது. சாத்தூர் மாப்பிள்ளை. பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சஸ்பெண்டு ஆன எட்டாம் நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா தனியாக வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா நினைக்காதீக. எங்க பக்கத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுதாக" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இரண்டு இடம் வந்தது, விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. செல்வலட்சுமி இப்போது வீட்டில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தேழு முடிந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்த ரெண்டு ரூவா எங்கன இருந்து வந்துச்சு?"

"டீக்கு வச்சிருந்த காசு தாயி."

"நீங்க வண்டியில டீயே குடிக்க மாட்டீகளேப்பா."

அதோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இப்போதும் சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள். முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவள் இருக்கிற நிலையைப் பார்த்து என் வயிறு எரிந்தது அய்யா. இன்றைக்கும் எரிகிறது. அதை நான் மறைக்க வரவில்லை.

பதினான்கு மாதம் கழித்து இரண்டு இன்கிரிமென்டை வெட்டிவிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்த வழித்தடம் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நானாகக் கேட்டு அலைந்து ஆனைக்குட்டம் வண்டியை வாங்கினேன். கிளை மேலாளருக்கு ஆச்சரியம். சீசனில் நெரிசல் தாங்காது என்று எவனும் கேட்காத வண்டி. எனக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்றேன். ஏனென்றால் அவள் அந்த வண்டியில்தான் வருவாள்.

அதற்கப்புறம் என் வண்டியில் டிக்கெட் இல்லாத பயணி ஒருவர்கூட அகப்பட்டதில்லை. நீங்கள் பதிவேட்டைப் பார்க்கலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். கட்டணம் மாறுகிற எல்லை, அந்த ஸ்டேஜ் முடிவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு தலையாக எண்ணி, டிக்கெட் போட்டு முடித்த பிறகுதான் இரண்டு விசில் கொடுப்பேன். கேட்டுச் சாத்திருவான் என்று பெண்கள் கத்துவார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். போன குடியரசு தினத்தன்று சால்வை போட்டு, கழகத்துக்கு வருமான இழப்பைத் தடுத்த நடத்துநர் என்று பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு மாட்டினேன். செல்வலட்சுமி அதைத் துடைப்பதில்லை.

சண்முகத்தாயும் சூடு கண்டவள்தான். என் வண்டியில் ஏறினால் காசைக் கைமாற்றி விடவே மாட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து, என் கையில் நேராக வைத்து, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போவாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். நானும் சரியான டிக்கெட், சரியான சில்லறை கொடுத்துவிடுவேன். ஒரு நாளும் கடுத்துப் பேசியதில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அவள் காசைக் கைமாற்றி விடுகிற ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். மனுஷனுக்குப் பொறுமைதான் வேண்டும்.

அந்த நாள் போன ஆவணியில் வந்தது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கிறது, ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கும், ஞாயிறுகூட லீவு கிடையாது. ஆனைக்குட்டத்தில் அவள் தனியாக, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன் வாசலில் ஏறினாள். பிள்ளையைத் துண்டால் சுற்றியிருந்தாள். பின்னால் வரக் கொஞ்சம் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் எப்படி வருவது? ஐந்து ரூபாய்க் காசை எடுத்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள்.

"ஒன்றரைன்னு சொல்லுங்கக்கா. பெரியாஸ்பத்திரி. புள்ளைக்கு ராத்திரி புடிச்சு வாந்தியும் பேதியும்."

அது எனக்குக் கேட்டது. காசு வருகிற வழியையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் புடவைக்காரி, அவளிடமிருந்து கண்ணாடி போட்ட பெண், அவளிடமிருந்து ஒரு கிழவர், கடைசியில் என் முன்னால் நின்ற நைனா முகம்மது. அவர் காசை என் உள்ளங்கையில் வைத்து, "சண்முகத்தாய் குடுத்துவிட்டது அண்ணாச்சி, ஒன்றரை" என்றார். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

டிக்கெட் கிழிக்கவில்லை. வேறு ஆட்களுக்குக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, டிக்கெட்டு" என்று கூப்பிட்டாள். காது கேட்காத மாதிரி இருந்தேன். கண்மாய்க்கரை ஸ்டாப் வந்தது. அங்கே ஸ்டாப் என்று ஒரு கல் நட்டிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அதைத் தாண்டி நூறு அடியில் ஸ்டேஜ் முடிந்துவிடும். அன்றைக்கு மட்டும் அதற்கு முன்னால் நிறுத்தாமல், தாண்டின பிறகு ஒரு விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினேன். கீழே இறங்கி முன் வாசலுக்குப் போனேன்.

"டிக்கெட் இல்லாம யாரு இருக்கீக?"

"அண்ணாச்சி, குடுத்துவிட்டேனே. அஞ்சு ரூவாக் காசு. இன்னும் டிக்கெட்டு வரல."

"யார்கிட்டக் குடுத்தீக? எங்கிட்ட வரல."

பின்னாலிருந்து நைனா முகம்மது சத்தம் போட்டார். "என்ன அண்ணாச்சி இது? நாந்தான உங்க கையில வச்சேன்."

"பாய், நாப்பது பேரு காசு தாரீக. நீங்க வச்சது யாரு காசுன்னு நான் எப்படிக் கண்டேன்?"

"சரி, போகட்டும். இந்தாங்க அஞ்சு ரூவா. நான் தாரேன், டிக்கெட்டப் போட்டு வண்டிய எடுங்க."

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஸ்டேஜ் தாண்டியாச்சு பாய், இனிமேல் டிக்கெட் போட்டால் என் மேல் தப்பாகும் என்றேன். அபராதம் கட்ட வேண்டும், இல்லை இறங்க வேண்டும், சட்டம் அது. அபராதம் இருநூறு. அவள் முந்தானையில் முடிந்திருந்தது இருபது ரூபாய். நைனா முகம்மதிடம் அன்றைக்கு எண்பது ரூபாய்தான் இருந்ததாம், மனுவில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டார். கம்பெனிக்குப் போகிற பெண்களிடம் சனிக்கிழமை சம்பளத்துக்கு முந்தி என்ன இருக்கும்? மணி எட்டு அடித்துப் பத்து நிமிடம். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர்களாகவே ஆரம்பித்தார்கள்.

"ஏட்டி, எறங்கித்தான் தொலையேன். கேட்டுச் சாத்திருவான்."

"பச்சப்புள்ளையோட எங்கன எறங்குவா? கண்டக்டரய்யா, விட்டுருங்க."

"ஒருத்திக்காக அம்புட்டுப் பேரு சம்பளமும் போகணுமா?"

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வாந்தி எடுத்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் புடவையெல்லாம் பட்டுவிட்டது. அதற்கப்புறம் விட்டுருங்க என்று சொன்னவளும் வாயை மூடிக்கொண்டாள். சண்முகத்தாய் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பழச மனசுல வச்சுக்கிட்டுப் பண்ணுதீகளா? புள்ளைய ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்து உங்க கால்ல விழுதேன். இப்ப விட்டுருங்க."

"எனக்குப் பழசு ஒண்ணும் இல்ல தாயி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இறங்கினாள். படியில் தடுமாறினாள், நான் பிள்ளையின் காலைப் பிடித்துத் தாங்கலாக இறக்கிவிட்டேன். கால் சில்லென்று இருந்தது. செல்வலட்சுமிக்கு ஐந்து வயதில் இதே மாதிரி வாந்திபேதி வந்தது. கால் சில்லிட ஆரம்பித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று அன்றைக்கு டாக்டர் என்னைத் திட்டினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். நைனா முகம்மது அவளோடு இறங்கக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் நான் ஏறி இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். கருப்பணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அடுத்த வண்டி ஒன்றேகால் மணி நேரம் கழித்து. வழியில் ஒரு லாரி வந்திருக்கிறது, வெடி லோடு. வெடி லோடு வண்டியில் வெளியாள் ஏற்றக்கூடாது, அந்த டிரைவரும் சட்டப்படி நிறுத்தாமல் போயிருக்கிறான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு பால்காரர் டி.வி.எஸ். பிப்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். பதினொரு மணிக்குப் பிள்ளை போய்விட்டது. பானுப்பிரியா என்று பேர். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றியே பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மாலை வண்டியில் வந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. என்னிடம் எவரும் பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த ஐந்து ரூபாயை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பையில் போடவில்லை. பையில் போட்டால் கூடும். சட்டைப் பையில் வைத்திருந்து கோயில் உண்டியலில் போட்டேன். பிறத்தியார் காசில் ஒரு பைசா நான் தின்றதில்லை.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முந்தி அவள் கொடுத்த இரண்டு ரூபாய், அதுவும் என் கைக்கு வந்தது. இரண்டு ஒற்றை ரூபாய்க் காசு, இரண்டிலும் வெள்ளிப்பொடி. வாங்கிப் பையில் போட்டேன். டிக்கெட் கிழிக்கப் புத்தகத்தை எடுக்கும்போது ஒருவன் பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டு நச்சரித்தான். அதில் மறந்துவிட்டேன். திருடவில்லை, மறந்தேன். சங்கரலிங்கம் அவளிடம் கேட்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்து, ஆமாம் சார், என் தப்பு, மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும் என்று பிற்பாடு யூனியன்காரர்கள் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். இப்பத்தான் ஏறுனேன் சார் என்று ஒரே ஒரு பொய். எத்தனை பேர் எத்தனை கண்டக்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் எத்தனை தடவை சில்லறை இல்லாதபோது அவளை நாளைக்குக் கொடு என்று விட்டிருக்கிறேன். பக்கத்துப் பெண்கள் கிள்ளிக் கிள்ளிச் சொல்லியும் அவள் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் பண்ணி உண்மையைச் சொன்னாள். அவளுக்கு அதனால் அபராதம் மிச்சம், அப்போது நூறு ரூபாய். எனக்கு என் மகள் போனாள்.

பொய் சொல்லியிருந்தால் நான் அவளை ஒன்றும் செய்திருக்க மாட்டேன் அய்யா. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த ஒரு நாள், மத்தியான வண்டியில் பத்து பேர்கூட இல்லை. சண்முகத்தாய் ஏறினாள். முன்னால் உட்காராமல் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் டிக்கெட் புத்தகத்தை எடுத்தேன். முதலில் அன்றையப் பயணத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்தாள், டிக்கெட் கொடுத்தேன். போகவில்லை. இன்னொரு ஐந்து ரூபாய்க் காசை நீட்டினாள்.

"இது என்னது?"

"அன்னைக்குள்ளது அண்ணாச்சி. கூட்டத்துல காசு எங்கனயோ விழுந்துருச்சு போல. நீங்க வரலன்னு சொன்னா வராமத்தான இருந்திருக்கும். அது தெரியாம அம்புட்டுப் பேரு முன்னால உங்ககிட்ட வாதாடிட்டேன்."

நான் புத்தகத்தில் மீதி டிக்கெட்டை எண்ணினேன்.

"அதுக்கு முந்தி ஒரு தடவை செக்கிங்ல சொன்னேனே, அதுவும் அப்படித்தான் வழியில விழுந்திருக்கும்னு இப்பத் தோணுது. ஒருவேளை நான் குடுக்கவே இல்லையோ என்னமோ. நல்லாத் தெரியாம வயித்துப்புள்ள மேல சத்தியம் பண்ணிட்டேன். உங்க பொழப்பையும் கெடுத்து, உங்க மக கல்யாணத்தையும் கெடுத்துட்டேன். அந்தப் பொய்ச் சத்தியந்தான் அண்ணாச்சி எம்புள்ளையக் கொண்டுபோயிருச்சு."

அழவில்லை. அழுது முடித்தவள் பேசுகிற மாதிரிப் பேசினாள். டிரைவர் சீட்டிலிருந்து கருப்பணன் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை தாயி, காசு வந்தது, இரண்டு தடவையும் வந்தது என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் காசை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கிக்கொண்டேன்.

"டிக்கெட்டு வேணாம் அண்ணாச்சி. காசு மட்டும் வாங்கிக்கங்க, போதும்."

டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினால் தப்பாகிவிடும் என்று சொன்னேன். ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்து, ஐம்பது பைசா சில்லறையோடு அவள் கையில் வைத்தேன். அரை டிக்கெட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தாள்.

"இது பானுவுக்குள்ளதா?"

"ஆமா."

அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் இறங்கவில்லை, பஸ் நிலையம் வரைக்கும் வந்தாள். நைனா முகம்மது அன்றைக்கு அந்த வண்டியில் இல்லை, இருந்திருந்தால் இதையும் எழுதியிருப்பார். மனு கொடுக்கும்போது அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டாராம். கண்டக்டர் மேல் தப்பில்லை என்று சொல்லி மாட்டேனென்றுவிட்டாளாம்.

எனக்கு வேலை போகும், பென்ஷன் போகும், போலீசுக்கும் எழுதுவீர்கள். எல்லாம் தெரிந்துதான் வந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. அவளே வந்து, கருப்பணன் சாட்சியாக, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டாள்.

நான் அவளை மன்னித்துவிட்டேன் அய்யா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.